பழி சுமக்கும் பறவை

வட்டிக்கு வட்டி போட்டு ஏழையின் வீட்டை எழுதி வாங்குகிறவனை ஊரார் என்ன பெயர் சொல்லி ஏசுகிறார்கள்? ‘பிணந்தின்னிக் கழுகு’ என்கிறார்கள். பஞ்ச காலத்தில் அரிசியைப் பதுக்குகிறவனுக்கும் அதே பெயர்தான். விபத்தில் மாண்டு கிடப்பவரின் கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறவனுக்கும் அதே பெயர்தான். செய்தித்தாள்களின் கேலிச்சித்திரக்காரர்கள் பேராசையைப் படமாக்க வேண்டுமானால், ஒரு மொட்டைத் தலையையும் வளைந்த அலகையும் கூனிய தோளையும் வரைந்துவிட்டு, கீழே எழுத்தே இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நாமும் உடனே புரிந்து கொள்கிறோம்.

ஓர் உயிரின் பெயரே வசவாகிவிடும் அளவுக்கு அது என்ன குற்றம் செய்தது என்று கேட்பது நியாயம் அன்றோ? அக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே நம் நூல்களையும் பிற நாட்டு நூல்களையும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வது நல்லது. இன்றைய பேச்சுத் தமிழில் ‘கழுகு’ என்ற ஒரே சொல் இரு வேறு கூட்டத்தாரைக் குறிக்கிறது. ஒன்று, உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடித்துக் கொன்று தின்னும் பறவை. கொடிகளிலும் அரச முத்திரைகளிலும் வீற்றிருப்பது இதுதான். மற்றொன்று, தானாக இறந்து கிடக்கும் விலங்கின் உடலைத் தின்னும் பறவை. ஆங்கிலத்தில் ‘வல்ச்சர்’ எனப்படுவது இந்த இரண்டாவது பறவைதான். ஆங்கிலேயர் முதற்பறவைக்கு ‘ஈகிள்’ என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டையும் கழுகு என்றே சொல்லி, தேவைப்பட்டால் ‘பிணந்தின்னி’ என்ற அடைமொழியைச் சேர்க்கிறோம். ‘வல்ச்சர்’ என்பதற்கு ‘வல்லூறு’ என்று மொழிபெயர்ப்போரும் உண்டு. அது பொருந்தாது. வல்லூறு என்பது விரைந்து பாய்ந்து, பறக்கும் பறவையையே வானில் அடித்து வீழ்த்தும் வேட்டைப் பறவை. பிணத்தின் பக்கம் அது அநேகமாகப் போவதில்லை. மேடைப் பேச்சில் ‘வல்லூறுகள் வட்டமிடுகின்றன’ என்று முழங்குகிறவர்கள் இதைக் கவனித்தால் நன்று!

நம் முன்னோர் இப்படிக் குழம்பவில்லை. பிணம் உண்ணும் பறவைக்கு அவர்கள் வழங்கிய பெயர்கள் ‘பாறு’, ‘எருவை’ என்பன. சங்க நூல்களில் இவ்விரு சொற்களும் பலமுறை வருகின்றன. இவற்றுள் எருவை என்ற சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. செம்பு என்னும் உலோகத்துக்கும், குருதிக்கும், நாணல் போன்ற ஒருவகைப் புல்லுக்கும் அதுவே பெயர். செம்பும் குருதியும் சிவந்தவை. அப்பறவையிலும் சிவந்த தலையுடைய இனம் ஒன்று உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். சற்றுப் பின்னர் அது நமக்குப் பயன்படும். பாறு என்ற சொல் இடையில் வழக்கொழிந்து போயிற்று எனினும், அண்மைக் காலத்தில் இயற்கை ஆர்வலர்கள் அதை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவந்து, ‘வெண்முதுகுப் பாறு’, ‘கருங்கழுத்துப் பாறு’ என்றெல்லாம் இனம் பிரித்து எழுதி வருகின்றனர். இக்கட்டுரையில் நாமும் பாறு என்றே சொல்லுவோம்.

சங்கப் பாடல்களில் பாறும் எருவையும் பெரும்பாலும் இரண்டு இடங்களில் காணப்படும். ஒன்று போர்க்களம், மற்றொன்று பாலை வழி. போர்க்களத்தில் மன்னனின் வெற்றியைப் பாடும் புலவர், வீழ்ந்த பகைவரின் உடல்மேல் பறவைகள் இறங்குவதைப் பாடுவார். பின்வந்த கலிங்கத்துப்பரணியில் இக்காட்சி பேய்களின் விருந்தாகவே விரிந்துவிடுகிறது. அங்கெல்லாம் பறவைக்குத் தனியாகப் பழி ஏதும் இல்லை. கொன்றவன் அரசன், புகழும் அவனுக்கே. பறவை வந்து உண்டு போகிறது, அவ்வளவுதான்.

பாலைப் பாடல்களில்தான் புலவர்கள் இப்பறவையை உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அகநானூற்றின் மூன்றாம் பாடலைச் சொல்லலாம். பொருள் தேட மீண்டும் செல்லத் தூண்டும் தன் நெஞ்சை நோக்கித் தலைவன் பேசுவதாக அமைந்தது அது. அவன் கடந்த காட்டில் ஓர் ஓமை மரம் நிற்கிறது. அதன் பட்டை முதலையின் தோலைப் போல் இருக்கிறதாம். அதன் உயர்ந்த கிளையில் பேடை ஒன்று கூட்டைக் காத்துக் கிடக்கிறது. அதற்கு இரை தேடி ஓர் எருவை புறப்படுகிறது. புலி தின்றுவிட்டுப் போன மானின் நாறும் தசையைக் கொள்ளையடிக்கும் மாந்தரைப் போலக் கவர்ந்து கொள்கிறது. இந்த எருவைக்குச் சிவந்த செவி உண்டு என்று புலவர் கூறுகிறார். பறவைக்கு ஏது செவி என்று நாம் நினைப்போம். ஆனால் இன்று செந்தலைப் பாறு எனப்படும் இனத்தைப் பார்த்தவர்கள் வியந்து போவார்கள். அதன் தலையின் இருபுறமும் சிவந்த தோல் மடிந்து, செவி போலவே தொங்கும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் அதை நின்று பார்த்திருக்கிறார்!

அதைவிட வியப்பு வேறு. புலவர் அந்தப் பறவையைக் கொள்ளையருக்கு உவமிக்கவும் தயங்கவில்லை. அதே மூச்சில், அது தன் பேடைக்காக உணவு தேடும் அன்பையும் மறைக்கவில்லை. இல்லாளை விட்டுப் பொருளுக்காகக் கொடிய காட்டில் அலையும் தலைவனும், பேடையைக் கூட்டில் விட்டு இரைக்காக அதே காட்டில் அலையும் எருவையும் ஒருவருக்கொருவர் எதிரே நிற்கிறார்கள். இகழ்ச்சியும் இரக்கமும் ஒரே காட்சியில் கலந்து நிற்பதை நாம் வேறு எங்கும் இவ்வளவு இயல்பாகக் கண்டதில்லை.

இறந்தோரின் உடலைப் பறவைக்கும் விலங்குக்கும் விட்டுவிடும் வழக்கம் பழந்தமிழ் நாட்டில் இருந்தது என்பதற்கு மணிமேகலை சான்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை வருணிக்கும்போது, எரிப்பவர், புதைப்பவர், தாழியில் வைத்துக் கவிப்பவர் ஆகியோரோடு, வெறுமனே கிடத்திவிட்டுப் போகிறவர்களையும் சாத்தனார் குறிப்பிடுகிறார். மும்பையில் வாழும் பார்சி மக்களின் ‘அமைதிக் கோபுரம்’ இந்தக் கருத்தையே சமய நெறியாகக் கொண்டது. நெருப்பையும் மண்ணையும் நீரையும் பிணத்தால் மாசுபடுத்தலாகாது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இறுதிக் கடனைப் பாறுகளிடம் ஒப்படைத்தார்கள்.

இனி இராமாயணத்துக்கு வருவோம். சடாயுவை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் சடாயு என்ன பறவை? நாட்காட்டிப் படங்களில் பெரும்பாலும் கம்பீரமான வேட்டைக் கழுகாகவே வரைகிறார்கள். வான்மீகியின் வடமொழி நூலிலோ சடாயு ‘கிருத்ரம்’. அச்சொல்லின் பொருள் பாறு என்பதே. அது மட்டுமன்று; அச்சொல்லின் வேர், பேராசைப்படுதல் என்னும் பொருள் உடையது. அதாவது வடமொழியில் இப்பறவையின் பெயரிலேயே வசவு அடங்கியிருக்கிறது. பேராசை என்று பெயர் பெற்ற பறவைக்குத்தான் அக்காப்பியம் தன் மிக உயர்ந்த தியாகத்தைக் கொடுத்திருக்கிறது. பிறன் மனைவியைக் கவர்ந்து செல்லும் இராவணனை, முதுமை அடைந்த ஒரு பறவை தனியே மறிக்கிறது. வெல்ல முடியாது என்று தெரிந்தும் மறிக்கிறது. ஒரு பெண்ணின் கூக்குரலைக் கேட்டு அந்தக் காட்டில் உயிரைக் கொடுக்க வந்தது அது ஒன்றே. கம்பர் இப்பகுதியைச் ‘சடாயு உயிர் நீத்த படலம்’ என்று தனிப் படலமாகவே பாடினார். தயரதனுக்குச் செய்ய இயலாமற்போன இறுதிக் கடனை இராமன் இப்பறவைக்குச் செய்கிறான். மகனாக நின்று செய்கிறான்.

அண்ணன் சம்பாதியின் கதை இன்னும் நுட்பமானது. தம்பியோடு சூரியனை நோக்கிப் பறந்தபோது, தம்பி வெந்துவிடாமல் தன் சிறகை விரித்து மறைத்து, தான் சிறகு கருகி வீழ்ந்தவன் அவன். சீதையைக் காணாமல் மனமுடைந்து உண்ணாநோன்பிருந்து உயிர்விடக் கருதிய வானரரைக் கண்டதும், தனக்கு உணவு கிடைத்தது என்று அவன் முதலில் மகிழ்வதாக வான்மீகி எழுதுகிறார். பாறு பாறாகவே இருக்கிறது! பிறகு தம்பியின் பெயர் அவர்கள் வாயிலிருந்து காதில் விழுகிறது, பசி மறக்கிறது, துக்கம் எழுகிறது. கடலுக்கு அப்பால் இலங்கையில் சீதை இருப்பதைச் சொல்லி வழிகாட்டுகிறவனும் அவனே. பறவையின் இயற்கையை மறைக்காமலே அதற்கு மாண்பு தந்த கவியின் நேர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊர்ப் பெயர்களிலும் இப்பறவைகள் குடியிருக்கின்றன. வைத்தீசுவரன் கோயிலின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர். அதிலுள்ள ‘புள்’ சடாயு என்பர். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியும் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்றே சொல்லப்படுகிறது. இரண்டு ஊர்கள் ஒரு பறவையின் ஈமத்துக்கு உரிமை கொண்டாடுவது அதன் பெருமைக்கே அடையாளம். தென்பாண்டி நாட்டுக் கழுகுமலைக்குச் சம்பாதியின் கதை உண்டு. திருக்கழுக்குன்றத்தின் கதை நம் பெற்றோர் பலர் கண்ணால் கண்டது. நாள்தோறும் உச்சிவேளையில் குன்றின்மேல் இரண்டு வெண்ணிறப் பறவைகள் வந்து, குருக்கள் கையால் இட்ட சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றன. காசியில் நீராடி, இங்கு உண்டு, இராமேசுவரத்தில் உறங்குவன என்று மக்கள் நம்பினார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தைச் சேர்ந்தவை. 1990களின் இறுதியோடு அவற்றின் வரவு நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று பலர் பலவிதமாகக் கூறினர். அதே ஆண்டுகளில் நாடு முழுவதும் பாறுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்வோம்.

இனித் திருவிவிலியம். எபிரேய மொழியில் ‘நெஷெர்’ என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் அது வேட்டைக் கழுகு என்றே பெயர்க்கப்பட்டுள்ளது. ஆனால் இறைவாக்கினர் மீக்கா, நாடுகடத்தப்படும் பிள்ளைகளுக்காகத் துக்கம் கொண்டு தலையை மழித்துக்கொள் என்று ஒரு தாயிடம் கூறுவதுபோல் நாட்டினரிடம் கூறும்போது, நெஷெர் போல மொட்டையாகு என்கிறார். வேட்டைக் கழுகின் தலையில் இறகு நிறைந்திருக்கும்; மொட்டையாக இருப்பது பாறுதான். ஆகவே அறிஞர் பலர், நெஷெர் என்ற சொல் முதன்மையாகப் பெரும்பாறு ஒன்றையே குறிக்கும் என்பர். இதை ஏற்றுக்கொண்டால், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரயேலரைச் சிறகின்மேல் சுமந்து வந்ததாக விடுதலைப் பயண நூலில் இறைவன் கூறும்போது, அந்தச் சிறகு யாருடையது? நாம் முகம் சுளிக்கும் அந்த மொட்டைத் தலைப் பறவையினுடையது! இறைவன் தமக்கு உவமையாக அதைத் தேர்ந்தார் என்று எண்ணிப் பார்க்கவே புதுமையாக இருக்கிறது.

மத்தேயு நற்செய்தியிலும் லூக்கா நற்செய்தியிலும், பிணம் கிடக்கும் இடத்தில் இப்பறவைகள் கூடும் என்ற கருத்தில் ஆண்டவர் ஒரு பழமொழி போலப் பேசுகிறார். அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் பொதுவாக வேட்டைக் கழுகைச் சுட்டுவது. பிணத்தில் கூடுவதோ பாறுகளின் இயல்பு. ஆகவே ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தமிழில் இத்தொல்லை இல்லை. ‘கழுகு’ என்று எழுதினால் இரண்டும் அடங்கிவிடும். நம் மொழியின் குழப்பம் ஓரிடத்திலாவது மொழிபெயர்ப்பாளருக்குக் கைகொடுத்தது!

எபிரேயத்தில் திருக்கழுக்குன்றத்துப் பறவையின் இனத்துக்கும் தனிப்பெயர் உண்டு. அது ‘ராஹாம்’. உண்ணத் தகாத பறவைகளின் பட்டியலில் லேவியர் நூல் அதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் அச்சொல்லின் எழுத்துகளைப் பாருங்கள். ‘ரெஹெம்’ என்றால் தாயின் கருப்பை. ‘ரஹமீம்’ என்றால் இரக்கம். மூன்று சொற்களுக்கும் எழுத்து வேர் ஒன்றே. அப்பறவை வந்தால் உலகுக்கு இரக்கம் வரும், அதாவது மழை வரும் என்று பழைய யூத அறிஞர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். தீட்டு என்று விலக்கப்பட்ட பறவையின் பெயருக்குள் இரக்கம் ஒளிந்திருக்கிறது. வடமொழியில் அதே கூட்டத்துப் பறவையின் பெயருக்குள் பேராசை இருந்ததை நினைத்துப் பாருங்கள். பெயர் வைப்பவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதில் எவ்வளவு வேறுபாடு!

தாய் என்ற எண்ணத்தை இப்பறவையோடு சேர்த்தவர்கள் எபிரேயர் மட்டும் அல்லர். பண்டைய எகிப்தியரின் சித்திர எழுத்தில் ‘தாய்’ என்ற சொல்லைப் பாறின் உருவத்தால் எழுதினர். அரசியர் பாறு வடிவத் தலையணி அணிந்தனர். துட்டங்காமன் மன்னனின் பொன் முகமூடியில் நெற்றியின்மேல் நாகத்தோடு இருப்பதும் பாறின் தலையே. பாறுகளில் ஆணே இல்லை, எல்லாம் பெண்தான். காற்றினால் கருவுறும் என்றொரு நம்பிக்கை அந்தக் காலத்தில் பரவியிருந்தது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்று போல் இருப்பதால் எழுந்த தவறு அது. நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியாரும் புனித அம்புரோசியாரும் படைப்பின் ஆறு நாள்களைப் பற்றிய தம் மறையுரைகளில் இந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, ஒரு பறவைக்கு இயலும் என்று நம்புகிறவர்கள் கன்னிமரியா கருத்தாங்கியதை மட்டும் இயலாது என்று எள்ளுவானேன் என்று வினவினார்கள். இயற்கைச் செய்தி பொய்த்துப் போனது. ஆனால், பிணந்தின்னி என்று நாம் ஒதுக்கும் பறவையை அன்னையைப் பற்றிய பேச்சில் எடுத்தாள அப்புனிதர்கள் கூசவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மறுபுறமும் விவிலியத்தில் உண்டு. சாமுவேல் இரண்டாம் நூலில் ரிஸ்பா என்ற தாயைப் பற்றிச் சில வரிகளே உள்ளன. அவளுடைய புதல்வர் இருவரும், சவுல் மரபினர் வேறு ஐவரும் கொல்லப்பட்டு, உடல்கள் மலைமேல் விடப்படுகின்றன. அவள் பாறைமேல் சாக்குத்துணியை விரித்து அமர்கிறாள். வாற்கோதுமை அறுவடைத் தொடக்கத்திலிருந்து வானம் மழை பொழியும் வரை, பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் அண்டவிடாமல் காக்கிறாள். அவள் ஒரு சொல்கூடப் பேசியதாக நூலில் இல்லை. செய்தி தாவீது அரசருக்கு எட்டியபின்தான் எலும்புகள் முறைப்படி அடக்கம் பெறுகின்றன. பாறு ஏன் அச்சத்துக்குரிய சொல் ஆயிற்று என்பது இங்கே புரிகிறது. விலங்கின் உடலைத் தின்னும்வரை நமக்குக் கவலை இல்லை. அன்புக்குரியவரின் உடலை அணுகும்போது எந்தத் தாயும் கல்லெடுப்பாள். ஆனால் அந்த எழுவரைக் கொன்றது பறவை அன்று.

உரோமையரின் கதைகளில் பாறு நல்ல சகுனம். நகரை எந்தக் குன்றில் எழுப்புவது என்று உடன்பிறந்தோர் இருவர் வழக்கிட்டபோது, ரேமுசுக்கு ஆறு பாறுகளும் ரோமுலுசுக்குப் பன்னிரண்டும் தென்பட்டனவாம்; உரோமை நகர் அப்படிப் பிறந்தது. இதை எழுதும் கிரேக்க அறிஞர் புளூட்டார்க், பறவைகளுள் மிகத் தீங்கற்றது பாறுதான், அது எந்த உயிரையும் கொல்வதில்லை, பயிரையும் அழிப்பதில்லை என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதே உரோமையர்தாம், பிள்ளையில்லாப் பணக்காரர் நோயில் படுத்தால் சொத்துக்காகச் சுற்றி அமரும் கூட்டத்துக்குப் பாறு என்று பெயரிட்டார்கள். அவ்வழக்கு ஆங்கிலத்துக்கும் வந்தது. பென் ஜான்சன் 1606-இல் மேடையேறிய ‘வால்போனி’ நாடகத்தில், சாகப் போவதாக நடிக்கும் செல்வனைச் சுற்றும் வழக்கறிஞனுக்கு ‘வோல்டோரே’ என்று பெயர் வைத்தார். இத்தாலிய மொழியில் பாறு என்று பொருள். கூட வருகிறவர்களுக்குக் காக்கை இனத்துப் பெயர்கள். உயில் எழுதும் வீடுகளில் இன்றும் இந்நாடகம் நடக்கிறது. ஊர் தோறும் பெயர்கள்தாம் வேறு.

நம் காலத்துக் கவிஞர்களுள் நைஜீரிய நாட்டுச் சினுவா அச்செபே பாறுகளைத் தலைப்பாகவே வைத்து ஒரு கவிதை எழுதினார். 1971-இல் வெளிவந்த அவருடைய தொகுதியில் அது உள்ளது. பயாஃப்ரா போரின் கொடுமையைக் கண்ட கண்ணோடு எழுதியது. முந்தின நாள் பிணம் தின்ற பாறு இணை ஒன்று மறுநாள் காலையில் ஒன்றையொன்று தழுவி அமர்ந்திருக்கும் காட்சி முதலில் வருகிறது. பிறகு, மக்களைக் கொன்று எரித்த ஜெர்மானிய முகாமின் தலைவன், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தன் குழந்தைக்கு இனிப்பு வாங்குகிற காட்சி வருகிறது. கொடியவனுக்குள்ளும் அன்பின் துளி உண்டு என்று மகிழ்வதா, அந்த அன்பினாலேயே கொடுமை நீடிக்கிறது என்று அஞ்சுவதா என்று நம்மைத் திகைக்க வைக்கிறார்.

கவிதை பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் நமக்கு ஒரு சிறு முறையீடு உண்டு. முகாம் தலைவன் உயிரோடு இருந்தவர்களைக் கொன்றான். பாறு இறந்ததைத் தின்றது. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது பறவைக்கு நீதி ஆகுமா? அகநானூற்றுப் புலவரும் இதே இரண்டையும், நாறும் தசையையும் பேடையின்மேல் அன்பையும், ஒரே பறவையிடம் கண்டார். அவர் அதைக் கண்டு திடுக்கிடவில்லை.

பறவை நூலார் சொல்வதையும் கேட்போம். பாறின் கால்கள் வலுவற்றவை, நகங்கள் மழுங்கியவை. பருந்தைப் போல இரையைக் கவ்விக்கொண்டு பறக்க அதனால் இயலாது. தலையில் இறகின்றி இருப்பது, உடலுக்குள் தலையை நுழைத்து உண்டபின் அழுக்கு ஒட்டாமல் இருப்பதற்குத் துணை செய்கிறது. நாம் அருவருக்கும் அந்த மொட்டைதான் அதன் தூய்மை. அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. நோய்க் கிருமிகள் பலவும் அதில் மடிந்துவிடும்.

‘கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல’ என்று ஒரு வழக்கு நம்மிடம் உண்டு. விருந்து வீட்டுக்கு அழையாமலே சரியான நேரத்தில் வந்து சேரும் உறவினரைப் பாட்டிமார் இப்படித்தான் வாழ்த்துவார்கள்! உண்மையில் நம் நாட்டுப் பாறுகள் மோப்பத்தால் இரை தேடுவதில்லை. மோப்பம் பிடிக்கும் இனங்கள் அமெரிக்கக் கண்டத்தில் உள்ளன. நம்முடையவை உயரத்தில் வட்டமிட்டுக் கண்ணால் தேடுகின்றன. நிலத்தை மட்டுமன்றித் தம் தோழர்களையும் கவனிக்கின்றன. ஒன்று இறங்கினால் அதைக் கண்ட மற்றொன்றும், அதைக் கண்டு இன்னொன்றுமாகத் தொலைவிலிருந்தெல்லாம் வந்து கூடிவிடும். சம்பாதியின் கண்பார்வையும் நற்செய்தியின் பழமொழியும் சரியே. வேர்த்தது மட்டும் மூக்கு அன்று.

1980களில் இந்தியாவில் ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால், ஒரு கூட்டம் பாறுகள் சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுவிடும். அன்று அவை எண்ணிலடங்காதவை. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999-க்கும் மேல் மறைந்துவிட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேடர் சுடவில்லை, காடும் அவ்வளவு விரைவில் அழியவில்லை. காரணம் நெடுநாள் புலப்படவில்லை. 2004-இல்தான், பாகிஸ்தானில் ஆராய்ந்த அறிஞர் குழு உண்மையை வெளியிட்டது. மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் ‘டைக்ளோஃபினாக்’ என்ற மருந்துதான் எமன். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதன் தசையைத் தின்றால், பாறின் சிறுநீரகம் பழுதாகி அது மாண்டுபோகும். நோயுற்ற பசுவின்மேல் இரக்கப்பட்டு மனிதன் கொடுத்த மருந்து அது. யாரும் தீங்கு நினைக்கவில்லை. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-இல் ஊசி மருந்துக் குப்பியின் அளவை 3 மில்லி லிட்டராகக் குறைத்தார்கள். அதே தன்மையுடைய கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை கால்நடைகளுக்கு 2023-இல் தடை செய்யப்பட்டன. பாறுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது. வீட்டில் மாடு வளர்க்கும் பெற்றோர் கால்நடை மருத்துவரிடம் இப்பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.

பாறு போனபின் செத்த மாடுகள் அழுகிக் கிடந்தன. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடியின் அச்சமும் கூடிற்று, நீர்நிலைகள் கெட்டன. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் இதன் விளைவாகக் கூடுதலாக மாண்ட மனிதர்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் என்று 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிடுகிறது. பிணந்தின்னி இல்லாமற் போனதால் பிணங்கள் பெருகின.

தமிழ்நாட்டில் இன்று பாறுகள் எஞ்சியிருக்கும் முக்கிய இடம், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட மோயாற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே ஆற்றோரத்து நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. அகநானூற்றுப் புலவர் கண்ட செந்தலைப் பாறும் அங்கே மிகச் சிலவாக உண்டு. ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். ஒன்று இரை தேடப் போகும்போது மற்றொன்று கூட்டில் இருக்கும். அது திரும்பி வந்தபின் இது கிளம்பும்.